ஆட்டோபைலட்டுக்குத் தொட்டபெட்டா தெரியுமா?

குன்னூர்க்காரன்:
வணக்கம். ஐப்பசி மழையில எங்க ஊரு நாள்கணக்கா மூடிக் கிடக்கும், எதிர் வீடு தெரியாது. அப்பவும் கீழே கோவைக்கு விமானம் வந்து போயிட்டுத்தான் இருக்கு. 2021 டிசம்பர் 8 அன்னிக்கு நஞ்சப்பசத்திரத்துல ஹெலிகாப்டர் விழுந்ததுக்கு, திடீர்னு மேகத்துக்குள்ள போனதுதான் காரணம்னு விசாரணையில சொன்னாங்க. அப்போ பயணிகள் விமானம் மட்டும் எப்படிச் சமாளிக்குது? ஆட்டோபைலட் மலையைப் பார்த்து ஒதுங்கிப் போயிடுமா? எல்லாத்தையும் கம்ப்யூட்டரே செஞ்சா பைலட் அப்படி என்ன முடிவெடுக்கிறார்?

மோடுவரி:
ஒதுங்காது சார். மலை என்று ஒன்று இருப்பதே ஆட்டோபைலட்டுக்குத் தெரியாது. திசை, உயரம், வேகம் என்று கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு போகும். 8,652 அடி தொட்டபெட்டாவை எதிரே வைத்துக்கொண்டு 6,000 என்று திருகினால், மறுபேச்சில்லாமல் 6,000க்கு இறங்கும்.

மலையிலிருந்து காப்பது சார்ட்டில், அதாவது பைலட்டின் வரைபடத்தில், அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச உயரம். வழித்தட சார்ட்டில் கட்டம் கட்டமாக ஓர் எண் இருக்கும், கிரிட் மோரா என்பார்கள். கட்டத்துக்குள் உள்ள உச்சி 5,000 அடியைத் தாண்டினால் அதற்கு மேல் 2,000 அடி கூட்டுவார்கள். ஆக, தொட்டபெட்டா கட்டத்தில் 10,600க்குக் கீழே எண் வர வழியில்லை. கோவை ஓடுபாதையோ 1,300 அடி சொச்சம். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 30 கடல்மைல்கூட இல்லை, 250 நாட் (மணிக்கு 250 கடல்மைல்) வேகத்தில் ஏழு நிமிஷம். 3 டிகிரி சரிவில் ஒரு மைலுக்கு 300 அடி சொச்சம் இறங்கலாம். போட்டுப் பாருங்கள்: உச்சியைப் பத்திரமாகக் கடந்து இறங்கினால் கணக்கு மயிரிழையில் நிற்கும். வேகம் குறைக்கவும் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பவும் மைல் மிஞ்சாது. அந்தப் பக்கம் அவசரப்பட்டு இறங்குவது ஆகாது என்பது இதனால்தான்.

இனி பைலட்டின் முடிவு. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் உயரத் திருகை உள்ளே அழுத்தினால் மேனேஜ்டு இறக்கம். கம்ப்யூட்டரில் ஏற்றிய பாதையில் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள உயர வரம்பை மதித்து இறங்கும். அதே திருகை வெளியே இழுத்தால் ஓப்பன் டிசென்ட். எஞ்சின் ஐடிலுக்கு, அதாவது குறைந்தபட்ச விசைக்குப் போகும், இடையில் உள்ள வரம்பு எதையும் பார்க்காது, திருகில் வைத்த உயரத்தில்தான் போய் நிற்கும். ஒரு விரல் அசைவுதான் வித்தியாசம். எதில் போகிறோம் என்பது திருகைப் பார்த்தால் தெரியாது. முன்திரையின் உச்சியில் எஃப்எம்ஏ என்று ஒரு வரி ஓடும், அதில்தான் தெரியும். மோடு மாறும்போதெல்லாம் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது சடங்குக்காக இல்லை.

படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1992 ஜனவரி 20, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே விழுந்த ஏர் இன்டர் 148 விமானம்தான் உதாரணம். 3.3 டிகிரி சரிவு கொடுப்பதாக நினைத்து, நிமிஷத்துக்கு 3,300 அடி இறக்கம் கொடுத்திருக்கலாம் என்பதே விசாரணையில் வலுவாக நின்ற காரணம். இரண்டுக்கும் ஒரே திருகு, எண் தெரிவதும் ஒரே ஜன்னல். அன்றைய டிஸ்ப்ளேயில் ஒன்று -3.3 என்று தெரியும், மற்றது நூறடிக் கணக்கில் -33 என்று. ஓடுபாதையை நெருங்கும்போது விமானம் பறக்கும் வேகத்தில் 3.3 டிகிரி என்பது நிமிஷத்துக்கு 800 அடி சொச்சம்தான். நாலு மடங்கு வேகத்தில் இறங்கி, இருட்டில், மேகம் மூடிய மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். பிற்பாடு நான்கு இலக்கமும் தெரியும்படி ஜன்னலை மாற்றினார்கள்.

கோத்தகிரி காற்று:
ஹெலிகாப்டரையும் இதையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். பள்ளத்தாக்கில் தாழ்வாகப் பறப்பது கண்ணை நம்பி ஓட்டுவது. மேகத்தில் கண் போனதும் காது ஏமாற்றும்: ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சுமார் 20 விநாடியில் உள்காதுத் திரவமும் கூடவே சுழலத் தொடங்கிவிடும், நேராகப் போவதாகவே உடம்பு சொல்லும். பயணிகள் விமானம் மேகத்துக்குள் நுழையும்போதே பாதுகாப்பு உயரத்துக்கு மேல், கருவியைப் பார்த்து, வரைந்து வைத்த பாதையில் இருக்கிறது. மேகம் கண்ணை மறைப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

குன்னூர்க்காரன்:
சரி, தப்பான மோடு போட்டுட்டாங்கன்னு வைங்க. "டெரெய்ன், புல் அப்"னு கத்துமே, அது தானா மேல இழுத்துடாதா? ரேடார்லயாவது மலை தெரியுமில்ல?

மோடுவரி:
வெதர் ரேடார் மழைத்துளியைத் தேடுவது. உங்கள் ஊர் மூடுபனி அதில் விழாது, மலை விழுந்தாலும் மழை மேகம் மாதிரிதான் தெரியும்.

கத்துவது இஜிபிடபிள்யூஎஸ், தரை நெருங்குவதை எச்சரிக்கும் தனிப்பெட்டி. அதுவும் மலையைப் பார்ப்பதில்லை. மெமரியில் உள்ள நில உயர வரைபடத்தையும் ஜிபிஎஸ் சொல்லும் இடத்தையும் ஒட்டிப் பார்க்கிறது. மோத ஒரு நிமிஷம் இருக்கும்போது முதல் எச்சரிக்கை, அரை நிமிஷத்தில் "புல் அப்". இழுக்க வேண்டியது மனிதக் கைதான். இருட்டிலோ மேகத்திலோ கேட்டால் விவாதம் கிடையாது: ஆட்டோபைலட் ஆஃப், எஞ்சின் லீவர் டோகாவுக்கு (முழு விசைக்கு), ஸ்டிக் முழுசாகப் பின்னுக்கு, இறக்கை மட்டம், ஸ்பீட் பிரேக் (இறக்கை மேல் விரிந்து வேகத்தைக் குறைக்கும் பலகை) உள்ளே போய்விட்டதா என்று பார். வீலையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) தொடாதே.

அந்த ஸ்பீட் பிரேக் ஏன் தனியாக? 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகர் அருகே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானம். கம்ப்யூட்டரில் ஆர் என்று அடித்ததும் பக்கத்தில் இருந்த ரோசோ என்ற ரேடியோ வழிகாட்டி நிலையத்துக்குப் பதில் பொகோட்டா பக்கத்து ரோமியோ நிலையம் பட்டியலில் முதலில் வந்தது, அதை ஏற்றுவிட்டார்கள். விமானம் மலைப்பக்கம் திரும்பியது. எச்சரிக்கை வந்து இழுத்தபோது ஸ்பீட் பிரேக் விரிந்தபடியே நின்றது. 159 பேர் இறந்தார்கள். அப்போது இருந்த எச்சரிக்கைப் பெட்டி பழைய மாடல், நேர் கீழே உள்ள தரையை மட்டும் அளக்கும். விநாடிக் கணக்கில்தான் நேரம் தந்தது.

மில்லிபார்:
கியூஎன்ஹெச்-ஐ, அதாவது உயரமானியில் வைக்கும் அன்றைய காற்றழுத்த எண்ணை, விட்டுவிட்டீர்களே. அதில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) தப்பினால் உயரம் சுமார் 28 அடி தப்பும். 1003க்குப் பதில் 1013 வைத்தால், உயரமானி காட்டுவதைவிட விமானம் 280 அடி கீழே இருக்கும். ஐஎல்எஸ் என்ற தரையிறங்கும் முறையில் சரிவு தரையிலிருந்து ரேடியோவில் வருவதால் பாதை மாறாது. அழுத்தத்தை வைத்துச் சரிவு கணக்கிடும் ஜிபிஎஸ் தரையிறங்கும் முறையில் பாதையே மொத்தமாகக் கீழே இறங்கிவிடும், சரிவைக் காட்டும் ஊசி மட்டும் நடுவில் அழகாக நிற்கும். 2022 மே 23, பாரிஸ் சார்ல்ஸ் டி கால்: கண்ட்ரோலர் 1001க்குப் பதில் 1011 என்று சொல்ல, ஓர் ஏ320 ஓடுபாதைக்கு முன்பே 6 அடி உயரம் வரை வந்து, கோ அரவுண்ட் செய்து (இறங்காமல் மறுபடி மேலேறி) தப்பியது. காக்பிட்டில் தரை எச்சரிக்கை ஒலிக்கவில்லை.

கோத்தகிரி காற்று:
"என்ன முடிவெடுக்கிறார்" என்ற கேள்விக்கு இன்னொரு பாதி இருக்கிறது. இறங்குவதா, வேறு ஊர் போவதா என்பதை எந்த மோடும் சொல்லாது. மேகத்தில் வரும்போது ஓடுபாதைக்கு 1,000 அடி மேலே வீல், ஃபிளாப், வேகம், நிமிஷத்துக்கு 1,000 அடிக்கு உட்பட்ட இறக்கம் எல்லாம் கூடி வரவில்லை என்றால் கோ அரவுண்ட்தான். வட்டமடிக்கச் சொன்னால் எண்ணெய்க் கணக்கு. ஏ320 நிமிஷத்துக்குச் சுமார் 40 கிலோ குடிக்கும். கடைசி 30 நிமிஷ இருப்பைத் தொடக் கூடாது. எந்த ஊர் என்பதும் மாசத்தைப் பொறுத்தது: ஆனி ஆடியில் கோவை மூடினால் கொச்சியும் கோழிக்கோடும் அதே மழையில்தான் நனைந்துகொண்டிருக்கும், திருச்சியோ பெங்களூரோ தேவலை. ஐப்பசியில் மழை கிழக்குப் பக்கம் என்பதால், கிழக்கே உள்ள ஊரை நம்பும் முன் யோசிக்க வேண்டும். வட்டம் தொடங்கும் முன்பே "இத்தனை கிலோ வந்ததும் திருச்சி" என்று எண்ணை எழுதி இருவரும் சொல்லிக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டால், "இன்னும் அஞ்சு நிமிஷத்தில் கிளியர் ஆகிவிடும்" என்று கீழிருந்து வரும் ஒவ்வொரு தகவலுக்கும் 200 கிலோ கரையும்.