பிரசவத்துக்குப் பின் போடும் ஊசி: பிரஷர் இருந்தால் ஏன் கூடாது?

புது அம்மா: குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பிரசவத்தன்று நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் ரத்தப்போக்கை நிறுத்தும் மெத்தர்ஜின் ஊசியை எடுத்து வந்தார். டாக்டரோ, "பிரஷர் 150/100 இருக்கு, அது வேண்டாம்" என்று, கர்ப்பப்பையை இறுக வைக்கும் இன்னொரு மருந்தான ஆக்ஸிடோசினைக் கூட்டச் சொன்னார். என் அக்காவுக்கு மெத்தர்ஜின்தான் போட்டார்களாம். கர்ப்பப்பையில் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்துக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

லேபர் வார்டு நர்ஸ்: நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகும்மா. அது உறையட்டும் என்று காத்திருக்க முடியாது. அங்கே தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும், குழாய்கள் அந்த இடுக்குகளில் ஓடும். தசை இறுகினால் குழாய் நசுங்கிவிடும், சுருக்குப்பைக் கயிற்றை இழுத்த மாதிரி. ஆக்ஸிடோசின் செய்வது இதைத்தான்.

மெத்தர்ஜின் இதையும் செய்யும், குழாய்ச் சுவரையும் நேராகச் சுருக்கும். ரத்தத்தில் கலந்த மருந்துக்கு கர்ப்பப்பை எது, மூளை எது, இதயம் எது என்று தெரியாதே! ஏற்கெனவே பிரஷர் ஏறியிருப்பவருக்கு அது பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். இதன் பூர்வீகம் ரை தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சை. அந்தக் காலத்தில் அது கலந்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு ரத்த ஓட்டம் நின்று விரல்கள் கறுத்து விழுந்திருக்கின்றன. அதிலிருந்து எர்கோமெட்ரினைப் பிரித்தெடுத்தது 1935-ல். அதன் தங்கைதான் மெத்தர்ஜின். இப்போது போடுவது 0.2 மில்லிகிராம்தான், ஆனாலும் பிரஷர் பார்க்காமல் நான் ஆம்பியூலை உடைக்க மாட்டேன்.

ஃபைப்ராய்டு ஆபரேஷன் ஆனவள்: எனக்குக் கர்ப்பப்பையில் இருந்த ஃபைப்ராய்டு கட்டியை எடுக்கும்போது, ரத்தம் அதிகம் போகாமல் இருக்க வாசோபிரெசின் என்ற மருந்தைப் போட்டார்களாம். அதுவும் இதே ரகமா சிஸ்டர்? ரத்தப்போக்குக்குக் கொடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்தும் அப்படித்தானா?

லேபர் வார்டு நர்ஸ்: வாசோபிரெசின் குழாயையே இறுக்கும் ரகம். நீர்க்கக் கலந்து கட்டியைச் சுற்றி ஊசியால் ஏற்றுவார்கள். சிவந்திருந்த தசை கண்ணெதிரே வெளுத்துப் போகும். தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் ஆபத்து, அதனால் போடும் முன் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுவார்கள். டிரானெக்சாமிக் எதையும் சுருக்காது, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும். எங்கள் ஆட்களே சிலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள்.

புது அம்மா: சரி சிஸ்டர், அன்றைக்கு அடிவயிற்றைப் போட்டு அமுக்கித் தேய்த்தார்களே, அதுவும் இதற்குத்தானா? வலி தாங்காமல் அந்த நர்ஸைத் திட்டிவிட்டேன்.

லேபர் வார்டு நர்ஸ்: அதற்கேதான். தொளதொளவென்று கிடந்த கர்ப்பப்பை கைக்கடியில் கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாகும்வரை விட மாட்டோம். நானும் நிறைய திட்டு வாங்கியிருக்கிறேன்.