ரிக்டரை வென்றதும் ஆட்டம் முடிந்துவிட்டது. அப்படியானால் இந்த இரண்டு மோதிரங்களும் எதற்கு?

உப்புவெளி அக்கா:

வணக்கம். மாமா பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய முதல் பிளேஸ்டேஷனை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து, நானும் தம்பியும் ‘காசில்வேனியா: சிம்பொனி ஒவ் த நைட்’ என்ற வீடியோ ஆட்டத்தை ஆடி வருகிறோம். அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். மாரி மழையில் வெளியே போக வழியில்லாத மாலைகளில் இந்தக் கோட்டைதான் எங்கள் இருவருக்கும் உலகம்.

நேற்று அரியணை அறையில், கோட்டையின் தலைவன் தானே என்று சொல்லிக்கொள்ளும் ரிக்டர் பெல்மொன்ட்டைத் தோற்கடித்தோம். உடனே ஒரு சிறிய காட்சி வந்தது, பெயர்கள் ஓடின, ஆட்டம் முடிந்துவிட்டது. தம்பி துள்ளினான். எனக்கு மனம் ஒப்பவில்லை. டிராகுலாவின் கோட்டைக்குள் டிராகுலாவின் மகன் அலுகார்ட் வருகிறான். டிராகுலாவைக் காணாமலே கதை முடியுமா?

எங்களிடம் தங்க மோதிரம், வெள்ளி மோதிரம் இரண்டும் இருக்கின்றன. நிலத்தடிக் குகையில் ஆட்டத்தைப் பதிவு செய்யும் சேமிப்பு அறை என்று நம்பிப் போய், கெட்ட கனவுக்குள் சிக்கி, தாயின் வடிவில் வந்தவளை வென்று தங்க மோதிரத்தை எடுத்தோம். வெள்ளி மோதிரம் தேவாலயத்து முள் பாதைக்கு அப்பால் கிடைத்தது. இரண்டிலும் பொறித்திருப்பதைச் சேர்த்துப் படித்தால் மணிக்கூட்டுக் கோபுரத்தில் அணியச் சொல்கிறது. இரண்டையும் அணிந்துகொண்டு கோபுரத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று பார்த்தோம். பறந்து வரும் மெடூசா தலைகள் எங்களைக் கீழே தள்ளியதுதான் மிச்சம். இரண்டு மாலைகள் இப்படியே போயின. எங்கே தவறு செய்தோம்? ரிக்டருடன் சண்டையிடுவதற்கு முன் சேமித்த பதிவு மெமரி கார்டில் இருக்கிறது.

நிலாவெளி வாசகன்:

லெவல், அதாவது வீரனின் வளர்ச்சிப் படி, போதாமல் இருக்கலாம், அக்கா. இன்னும் பத்து லெவல் ஏற்றிவிட்டுப் போய்ப் பாருங்கள். நானும் அப்படித்தான் பல இடங்களைக் கடந்தேன்.

உப்புவெளி அக்கா:

நன்றி தம்பி. முயன்று பார்த்தோம். ஆனால் நம் லெவல் உயர உயர, பலவீனமான எதிரிகளிடமிருந்து கிடைக்கும் அனுபவப் புள்ளி குறைந்துகொண்டே போகிறது. ஒரு மணி நேரம் ஆடியும் ஒரு லெவல்தான் ஏறியது.

ஓர்ஸ் ஹில் பெரியவர்:

பிள்ளை, லெவலை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டதற்கும் லெவலுக்கும் தொடர்பில்லை. உங்கள் சந்தேகம் சரியானது; ஆட்டம் முடியவில்லை. நீங்கள் பார்த்தது நான்கு முடிவுகளில் ஒன்று, அதுவும் மிக மோசமான முடிவு. ரிக்டர் உங்கள் எதிரி அல்லன். அவனை வேறொருவன் ஆட்டிப் படைக்கிறான். அவனைக் கொன்றால் கதை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். கோட்டையின் வரைபடம் முழுவதும் 200.6 விழுக்காடு வரை நிறையும்; நூறைத் தாண்டுவது ஏன் என்று பிறகு உங்களுக்கே தெரியும். உங்களுடையது எவ்வளவு என்று பாருங்கள், நூறைக்கூட எட்டியிருக்காது.

மோதிரங்களின் எழுத்து உங்களை மட்டுமல்ல, எத்தனையோ பேரை வழி தவற வைத்திருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரம் என்று வரைபடத்தில் ஒரு பகுதி இருப்பதால் எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள். போக வேண்டிய இடம் அதுவல்ல. சலவைக்கல் மண்டபத்தின் நடுவில் பெரிய மணிக்கூடு உள்ள அறை. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அதைக் கடந்திருப்பீர்கள். நிமிடத்துக்கு நிமிடம் நகரும் சிலை ஒன்று அங்கே நிற்கும். இரண்டு மோதிரங்களையும் அணிந்துகொண்டு அந்த அறைக்குள் போங்கள். தரை திறக்கும். கீழே, ரிக்டரைத் தேடிக் கோட்டைக்கு வந்த மரியா என்ற பெண் காத்திருப்பாள். அவள் தரும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் ரிக்டரிடம் போகவே கூடாது.

1997இல் இந்த ஆட்டம் வந்தபோது நான் அதைப் பக்கவாட்டில் ஓடித் தாவி அடிக்கும் பழைய காசில்வேனியாவாகவே நினைத்தேன். 1986இல் தொடங்கிய அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் சாட்டையும் தாவலும் இருந்தால் போதும். கட்டம் கட்டமாக முன்னே போகலாம், திரும்பி வர வேண்டியதில்லை. ஆடத் தெரிந்தவர் விரைவில் முடித்துவிடுவார், தெரியாதவர் ஒரே இடத்தில் செத்துச் செத்துக் கைவிடுவார். நீங்கள் ஆடும் ‘சிம்பொனி’யை உருவாக்கிய குழுவில் இருந்த கோஜி இகராஷியும் மற்றவர்களும் அந்தச் சிக்கலுக்குத்தான் மருந்து தேடினார்கள். ஒரே பெரிய கோட்டை. வலிமை, தாங்குதிறன், அறிவு, அதிர்ஷ்டம் என்று வளரும் வீரன். கழற்றி மாட்டும் ஆயுதங்கள். கை வேகம் குறைந்தவரும் பொறுமையால் வெல்ல வழி பிறந்தது. முதல் அரை மணி நேரத்திலேயே மரண தேவன் வந்து அலுகார்ட்டின் நல்ல வாள், கேடயம், கவசம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போவானே, நினைவிருக்கிறதா? அந்த ஒரு காட்சியிலேயே இது எந்த வகை ஆட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். தாவுவது மட்டும் போதாது, என்ன அணிந்திருக்கிறாய் என்பதும் முக்கியம்.

உப்புவெளி அக்கா:

ஐயா, மிக்க நன்றி. வரைபடம் 86 விழுக்காடு என்று காட்டுகிறது! நீங்கள் சொன்ன அறைக்குப் போனோம். சிலை நகர்ந்தது, மணிக்கூடு ஓடியது. தரை மட்டும் திறக்கவில்லை. அறையை விட்டு வெளியேறி மூன்று முறை உள்ளே வந்தோம். வட்டில் கீறல் இருக்கிறது. அதனால் இப்படி ஆகுமா? நான்காம் முறை முயல்வதற்குள் மின்சாரம் போய்விட்டது. மணிக்கூட்டு அறைக்குள் சேமிக்க முடியாது என்பதால் முக்கால் மணி நேர ஆட்டம் வீணாயிற்று.

கிண்ணியா நானா:

தங்கச்சி, வட்டில் கோளாறு என்றால் படம் உறையும், இசை நின்றுபோகும். கதவு மட்டும் திறக்காமல் இருப்பது வட்டின் குற்றமாகத் தெரியவில்லை. உபகரணப் பட்டியலைத் திறந்து, அலுகார்ட் இப்போது அணிந்திருப்பதை வரிக்கு வரி எழுதி அனுப்புங்கள். மோதிரம் பையில் இருப்பது வேறு, விரலில் இருப்பது வேறு.

உப்புவெளி அக்கா:

வலக் கையில் வாள், இடக் கையில் கேடயம், தலையில் கவசம், உடலில் கவசம், தோளில் போர்வை. கடைசி இரண்டு இடங்களில் ஒன்றில் தங்க மோதிரம், மற்றதில் ஒரு கழுத்தணி.

கிண்ணியா நானா:

அதுதான் காரணம். அந்தக் கடைசி இரண்டு இடங்களும் மோதிரங்களுக்கு வேண்டும். கழுத்தணியைக் கழற்றிவிட்டு வெள்ளி மோதிரத்தைப் போடுங்கள்.

மரியாவைக் கண்ட பிறகும் இதே கவனம் வேண்டும். அவள் தரும் கண்ணாடி தலைக்கு உரிய பொருள். அதை மாட்டினால் தலைக்கவசத்தைக் கழற்றியாக வேண்டும், காப்புப் புள்ளி குறையும். பயந்து கவசத்தையே வைத்துக்கொண்டால் திரும்பவும் பழைய முடிவுதான். கண்ணாடியுடன் அரியணை அறைக்குப் போனால் ரிக்டரைச் சுற்றி, அவனை ஆட்டிப் படைக்கும் ஒரு பச்சை உருண்டை மிதப்பது தெரியும். அடி முழுவதும் அதற்கே. அவன் கோடரி, சிலுவை, புனித நீர் என்று எல்லாவற்றையும் வீசுவான். விலகுங்கள், திருப்பி அடிக்காதீர்கள். நீளமான வாளை வேகமாக வீசினால் உருண்டைக்குப் போகிற அடி அவன் மீதும் படும். உருண்டை அவனை விட்டு விலகி மேலே போகும் நேரம் பார்த்துத் தாவி அடியுங்கள். அவசரம் வேண்டாம். சண்டைக்கு முன் உயிர் மீட்கும் மருந்துகள் வேண்டுமென்றால் நூலகத்துக் கிழவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர்ஸ் ஹில் பெரியவர்:

நானா சொன்னது முற்றிலும் சரி. நான் அந்தக் கழுத்தணியை யோசிக்கவே இல்லை.

உப்புவெளி அக்கா:

தம்பியிடம் கேட்டேன். ரிக்டருடன் மோதுவதற்குமுன் காப்புக்காக வெள்ளி மோதிரத்தைக் கழற்றிக் கழுத்தணியை மாட்டியிருக்கிறான், எனக்குச் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்லவில்லை, அவன் யோசனையும் நியாயமானதுதான்.

மின்சாரம் இரவு ஒன்பது மணிக்கு வந்தது. இரண்டு மோதிரங்களையும் அணிந்து உள்ளே போனவுடன் தரை திறந்தது! இருவரும் கத்தியதில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். மரியா கண்ணாடியைத் தந்தாள். அருகிலுள்ள சேமிப்பு அறைக்கு ஓடிப் பதிவு செய்தோம். அதன் பிறகே அரியணை அறை. இரண்டு முறை தோற்றோம். முதல் முறை நான் பதற்றத்தில் ரிக்டரையே அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை தம்பி ஆடினான். உருண்டை எந்தப் பக்கம் போகிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். உடைந்தது!

பிறகு மேகத்திலிருந்து ஒரு கோட்டை தலைகீழாக இறங்கியதைப் பார்த்துப் பேச்சே வரவில்லை. காலையில் நம் திருகோணமலை உட்துறைமுகத் தண்ணீரில் எதிர்க்கரைக் குன்றுகள் கவிழ்ந்து தெரியுமே, அதுதான் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் நடந்த படிக்கட்டெல்லாம் இப்போது கூரையில் தொங்குகிறது. இனி எங்கே போக வேண்டும்? எதிரிகள் மூன்று அடியில் கொன்றுவிடுகிறார்கள்.

ஓர்ஸ் ஹில் பெரியவர்:

வாழ்த்துகள் பிள்ளை, தம்பிக்கும் சொல்லுங்கள். இப்போது லெவல் தேவைப்படும். நிலாவெளித் தம்பியின் அறிவுரைக்கு நேரம் வந்துவிட்டது. புதிய எதிரிகள் வலிமையானவர்கள் என்பதால் அனுபவப் புள்ளியும் நன்றாக ஏறும். வௌவால் உருவில் பறந்தே பாதி வழியைக் கடக்க வேண்டும். மந்திர சக்தி தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேட வேண்டியவை டிராகுலாவின் ஐந்து உறுப்புப் பொருட்கள்: இதயம், பல், விலா எலும்பு, மோதிரம், கண். ஐந்தையும் பெரிய எதிரிகள் காத்து நிற்கிறார்கள். எந்த வரிசையிலும் எடுக்கலாம். ஐந்தும் சேர்ந்ததும் அதே மணிக்கூட்டு அறைக்கு வாருங்கள், இம்முறை அது தலைகீழாக இருக்கும்.

மின்வெட்டுக் காலத்தில் ஒவ்வொரு சேமிப்பு அறையையும் விடாமல் பயன்படுத்துங்கள்.

உப்புவெளி அக்கா:

சரி ஐயா. முதல் சேமிப்பு அறையைக் கண்டுபிடித்துவிட்டோம். நாளை மாலை விலா எலும்பைத் தேடப் போகிறோம். கழுத்தணியைக் கழற்றினால் எனக்குச் சொல்வதாகத் தம்பி சம்மதித்திருக்கிறான்.