புதுச்சேரியில் 4 நாள் உயிரியல் மாடலிங் பயிலரங்கு: திட்டத்தில் எங்கே இடிக்கும்?

உப்பனாறு (கேள்வி)

காலாப்பட்டு தாண்டி ஈசிஆர் ஓரமாக ஒரு தங்குமிடத்தில் 4 நாள் உண்டு உறைவிடப் பயிலரங்கு போடுகிறோம். 24 பேர். பாதிப் பேர் பிஎச்டி சேர்ந்து ஓரிரு வருடமான உயிரியல் ஆட்கள், மீதி கணிதம், இயற்பியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்த போஸ்ட்டாக்குகள். முதல் 2 நாள் விரிவுரை (வகைக்கெழுச் சமன்பாடு, மக்களை இன்னும் நோய் வராதவர் எஸ், நோயாளி ஐ, மீண்டவர் ஆர் என்று பிரிக்கும் எஸ்ஐஆர் மாடல், கொசுவால் மலேரியா பரவுவதற்கான ராஸ்–மெக்டொனால்ட் மாடல்), 3ஆம் நாள் கணினிப் பயிற்சி, 4ஆம் நாள் குழு வேலை. ஊருக்குப் பொருத்தமாக யானைக்கால் நோயை எடுத்துக்காட்டாக வைக்கலாம் என்று எண்ணம். நவம்பர் 2ஆம் வாரம், வெள்ளி முதல் திங்கள் வரை. எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

சதுப்புநிலம்

2 நாள் விரிவுரையைத் தூக்குங்க முதல்ல. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வகைக்கெழு நடத்தினா பாதி ஹால் தூங்கும். முதல் நாள் காலையிலேயே 4 பேர் கொண்ட 6 குழுவா உட்கார வைங்க, குழுவுக்கு 2 உயிரியல், 2 கணிதம். கணிதக்காரங்க கீபோர்டைத் தொடக்கூடாதுன்னு ஒரு விதி போட்டுடுங்க. இல்லேன்னா அவங்களே எழுதி முடிச்சுடுவாங்க, மத்தவங்க வேடிக்கைதான் பார்ப்பாங்க.

முதல் மாடல் எஸ்ஐஆரே போதும். மக்கள் 1000, நோயாளி 1, பீட்டா (நோய் பரவும் வீதம்) நாளுக்கு 0.4, காமா (குணமாகும் வீதம்) நாளுக்கு 0.2. கணினி திறக்கும் முன்னாடி காகிதத்துல ஒவ்வொரு உறுப்புக்கும் அலகு எழுதச் சொல்லுங்க. பீட்டா × எஸ் × ஐ எழுதிட்டு மொத்த மக்கள்தொகையால வகுக்க மறக்கிறதுதான் வழக்கமான தப்பு. பீட்டா 400 ஆன மாதிரி ஆகி, ஆய்லர் முறையில ஒவ்வொரு நாளா நகர்த்திக் கணக்குப் போட்டா எஸ் உடனே மைனஸுக்குப் போயிடும். சரியா எழுதினா உச்சத்துல ஒரே நேரத்துல சுமார் 153 பேர் நோயோட இருக்கணும், கடைசியில சுமார் 80 சதவீதம் பேருக்கு வந்து போயிருக்கணும். எஸ், ஐ, ஆர் மூணையும் கூட்டினா எந்த நாள்லயும் 1000தான் வரணும்.

நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் ரெண்டாம் நாள், தரவோட பொருத்தும்போது. ஒரு குழுவுக்கு பீட்டா 0.4, காமா 0.2. இன்னொரு குழுவுக்கு 0.5, 0.3. ரெண்டுலயும் ஆரம்ப வளர்ச்சி நாளுக்கு 0.2தான், நோயாளி எண்ணிக்கை சுமார் மூன்றரை நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கும். முதல் ரெண்டு வாரத் தரவை மட்டும் கொடுத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் தெரியும். ஆனா முடிவுல ஒண்ணுல 80 சதவீதம், இன்னொண்ணுல சுமார் 68. ஆரம்பத் தரவுலேர்ந்து கிடைக்கிறது பீட்டா கழித்தல் காமா மட்டும்தான். காமாவை நோயாளி எத்தனை நாள் தொற்ற வைக்கிறார்ங்கிற மருத்துவத் தகவல்லேர்ந்து எடுக்கணும். உயிரியல் ஆளோட அருமை கணிதக்காரருக்குப் புரியிற இடம் இது.

இன்னொண்ணு, இதுவரை மொத்தம் எத்தனை பேர்ங்கிற கூட்டுத்தொகைக் கோட்டுக்குப் பொருத்த விடாதீங்க, தினசரிப் புது எண்ணிக்கைக்குப் பொருத்தணும். கூட்டுத்தொகையில முந்தின நாள் பிழை அடுத்தடுத்த நாளுக்கும் ஒட்டிக்கிட்டே வரும். கோடு அழகா இருக்கும், நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு எதுக்குள்ள இருக்கும்ங்கிற வரம்பு) பொய்யாக் குறுகிடும்.

குவிலென்ஸ்

யானைக்கால் நோய்க்கு எஸ்ஐஆர் போடாதீர்கள். அதை உண்டாக்கும் புழுவான உச்சரீரியா பாங்கிராஃப்டி கொசுவுக்குள் வளர்கிறதே தவிரப் பெருகுவதில்லை. மனித உடலிலும் முதிர்ந்த புழுவின் எண்ணிக்கை ஒவ்வொரு கடியிலும் புதிதாக நுழையும் லார்வாவைப் பொறுத்தது. தொற்று உண்டா இல்லையா என்று பார்ப்பது போதாது, ஒருவரிடம் எத்தனை புழு என்று எண்ண வேண்டும். அதனால்தான் இதற்கென எழுதிய லிம்ஃபாசிம் என்ற கணினி மாடல் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. அதன் அளவுருக்களை நிர்ணயித்ததே புதுச்சேரித் தரவை வைத்துத்தான். ஊர்ப் பெருமை பேச வேண்டுமானால் இந்திரா நகரில் 1975இல் தொடங்கிய வெக்டர் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்திலிருந்து ஒருவரை ஒரு மாலைப் பேச்சுக்கு அழையுங்கள். பயிற்சிக்கு மலேரியாவே மேல்.

ராஸ்–மெக்டொனால்டில் ஒரு கணக்குக் கொடுத்தால் போதும். கொசு எண்ணிக்கையைப் பாதியாக்கினால் ஆர்-நாட் (ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற எண்) பாதியாகும். கொசுவின் இறப்பு வீதத்தை நாளுக்கு 0.1இலிருந்து 0.2 ஆக்கினால்? ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர 10 நாள் என்று கொண்டால், ஆர்-நாட் 5 மடங்குக்கும் மேல் சரியும். காரணத்தை அவர்களே சமன்பாட்டில் தேடட்டும்.

ஜங்ஷன்பாக்ஸ்

நவம்பரா? வடகிழக்குப் பருவமழை நேரத்துல, அதுவும் கடற்கரையோரமா! ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்னிக்குப் புதுச்சேரிக்குப் பக்கத்துலதான் கரை ஏறுச்சு, தானே 2011 டிசம்பர் 30. பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரின்னு வைங்க. மாசி மகம் எப்போன்னு மட்டும் பார்த்துக்குங்க. வெள்ளி–திங்களும் வேண்டாம், வார இறுதியில சென்னை, பெங்களூருக் கூட்டத்துல ரூம் வாடகை ஏறிடும். திங்கள்–வியாழன் கேளுங்க.

24 லேப்டாப்புக்கும் மேசைக்கு ஒரு ஸ்பைக் பஸ்டர் வேணும். பென் டிரைவ்ல ஆர் மொழி, அதுல வகைக்கெழுச் சமன்பாடு தீர்க்கிற டீசால்வ் தொகுப்பு, பைத்தான் இன்ஸ்டாலர் எல்லாம் முன்கூட்டியே. முதல் நாள் காலையில எல்லாரும் ஒரே வைஃபைல டவுன்லோட் போட்டா அன்னிக்குப் பொழுது அதோட சரி. பைத்தானோட சைபை தொகுப்புல சமன்பாடு தீர்க்கிற சால்வ் ஐவிபி பயன்படுத்துறவங்க சகிப்பளவை (எவ்வளவு பிழை விடலாம்ங்கிற வரம்பு) மாத்தணும். மாத்தாம விட்டா ஆர்டால் (விகிதப் பிழை) 0.001, ஏடால் (நேரடிப் பிழை) 0.000001. மக்கள்தொகையை 1ன்னு வைச்சு 10 லட்சத்துல ஒருத்தர்னு ஆரம்பிச்சா, உங்க தொடக்க மதிப்பும் ஏடாலும் ஒரே அளவு, ஆரம்பக் கோட்டை நம்ப முடியாது. ரெண்டையும் 100 மடங்காவது குறைங்க.

உப்பனாறு

பிப்ரவரிக்கு மாற்றிவிடுகிறேன், திங்கள்–வியாழன். விரிவுரை காலையில் 40 நிமிடத்துக்கு மேல் கிடையாது. 3ஆம் நாள் பிச்சாவரம் கூட்டிப் போகலாமா?

சதுப்புநிலம்

போகலாம். போக வர மட்டும் நாலு மணி நேரம் கிட்ட ஆகும், விடிகாலையிலேயே வண்டி கிளம்பிடணும். உச்சி வெயில்ல துடுப்புப் படகு வேண்டாம். திரும்பினதும் பொருத்தும் வேலை வைக்காதீங்க. மறுநாள் ஒவ்வொரு குழுவும் தன் மாடல் எங்கே உடையும்னு காட்டணும், மூணாம் நாள் சாயங்காலத்தை அதுக்குத் தயாராக விட்டுடுங்க.