கை வீக்கத்துக்கு லேசர் ஒளிச் சிகிச்சை: பெற்றவர்களும் உடனிருந்தவர்களும் எழுதுகிறார்கள்

பெரம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றி, பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களில் பலருக்குக் கை வீங்குவதுண்டு; திசுக்களிலிருந்து நீரை வடிக்கும் நிணநீர்ப் பாதை தடைபடுவதே காரணம். எனக்கு இடக்கை. மேல்கையில் தொடங்கிய வீக்கம் முன்கைக்கு இறங்கி, நாளடைவில் தோலுக்கடியில் கெட்டிப்பட்டது. பேருந்தில் அருகில் அமர்ந்த பெண்மணி ஒருவர் யானைக்கால் நோய் கையிலும் வருமா என்று கேட்டார். கொசுக்கடியால் வரும் அந்த நோயிலும் தடைபடுவது நிணநீர் ஓட்டமே என்பதால், அவர் கேட்டது முற்றிலும் பொருந்தாத கேள்வியன்று.

பேண்டேஜ் சுற்றுதல், நிணநீரை வழிநடத்தும் மென்மையான தடவல், உடற்பயிற்சி ஆகியவற்றால் வீக்கம் ஓரளவு வடிந்த பின்னரே பிசியோதெரபிஸ்ட் லேசரைப் பற்றிப் பேசினார். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வோம். அவர் கருவியின் முனையை அக்குளிலும் தழும்பைச் சுற்றியும் இடம்விட்டு இடமாக வைத்து, ஒவ்வோரிடத்திலும் சிறிது நேரம் நிறுத்துவார். அந்த அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. சூடோ வலியோ இல்லை. இதில் உண்மையிலேயே ஏதேனும் நடக்கிறதா என்ற ஐயம் முதல் சில வாரங்களில் எனக்கு இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

முதலில் மாறியது கையின் சுற்றளவன்று. டேப் காட்டிய எண் ஏறக்குறைய அப்படியே இருக்க, தழும்பின் இழுப்பு தளர்ந்தது; முன்கையை அழுத்தினால் பழைய மென்மை சிறிது திரும்பியிருந்தது; உச்சந்தலையில் எண்ணெய் வைக்க இடக்கை மீண்டும் எட்டியது. சுற்றளவு குறைந்தது அதற்கு வெகுநாள் கழித்துத்தான், அதுவும் ஓரளவே. கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையை இன்றும் பகல் முழுவதும் அணிகிறேன். சித்திரை மாதத்துச் சென்னையில் அது எத்தகைய துன்பம் என்பது அணிந்தவர்களுக்குத் தெரியும். வியர்வையில் தோல் புண்ணாகாமல் இருக்க மாற்றி அணிய இரண்டு உறைகள் வைத்திருக்கிறேன்.

மேற்கு மாம்பலத்திலிருந்து, தாயாருக்காக மகள்:

அம்மாவுக்கு இந்த ஒளி பெரிதாக உதவவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்வது நியாயம். வலி சற்றுக் குறைந்ததாகச் சொன்னார். அளவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. லேசர் இருக்கும்போது உறை எதற்கு என்று அவராகவே முடிவு செய்து அதைக் கழற்றி வைத்தார். அந்த வாரமே புறங்கை உப்பிவிட்டது.

இதற்கும் முன்னர் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டருகே இருந்த ஒரு சிகிச்சையகத்தில், ஒளிச் சிகிச்சை என்றே சொல்லி, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் வைக்கும் சிவப்பு வெப்ப விளக்கை அம்மாவின் கைக்கு நேரே வைத்தார்கள். இதமாக இருக்கிறதென்று அம்மாவும் மகிழ்ந்தார். மாலைக்குள் கை கனத்து, வளையலைக் கழற்றச் சோப்பு போட வேண்டியதாயிற்று. புற்றுநோய் மருத்துவர் அதை உடனே நிறுத்தச் சொன்னார். ஒளி என்ற பெயரில் எந்தக் கருவியை வைக்கப்போகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அடையாறு பக்கம் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட்:

மாம்பலம் சகோதரி சொன்ன வேறுபாடு மிக முக்கியமானது. வெப்ப விளக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டும். அதனால் திசுக்களில் கசியும் நீரும் கூடும். ஏற்கெனவே வடிகால் குறைந்த கைக்கு அது சுமை. நாங்கள் வைக்கும் குறைந்த ஆற்றல் லேசர் திசுவைச் சூடாக்குவதில்லை. அதன் ஒளியைச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி உறிஞ்சிக்கொள்வதாகவும், அழற்சியும் திசு கெட்டிப்படும் நார்த்தன்மையும் தணிய அதுவே வழிசெய்வதாகவும் விளக்கப்படுகிறது. பெரம்பூர் அம்மாவுக்கு மென்மை முன்னரும் அளவு பின்னரும் மாறியதில் எனக்கு வியப்பில்லை. 2003-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 904 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரை இரண்டு சுற்றுகள் பெற்றவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு, சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே கையின் கன அளவு 200 மில்லிலிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. அதாவது பெரும்பாலோருக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. மாம்பலம் தாயாரும் விதிவிலக்கல்லர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-இல் இவ்வகை லேசருக்கு அனுமதி அளித்திருந்தாலும், பேண்டேஜுக்கும் உறைக்கும் துணையாகவே நாங்கள் இதைப் பயன்படுத்துகிறோம்.

புற்றுக்கட்டி இருக்கும் இடத்தின் மீது லேசரை வைப்பதில்லை. நெடுநாள் அடங்கியிருந்த கை திடீரென்று வீங்கினால், நோய் திரும்பியிருக்கிறதா, இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே என்னிடம் வர வேண்டும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தோலடித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், உடனடியாக ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

ராயபுரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

என் மனைவிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வலக்கால் வீங்கியிருக்கிறது. நடப்பதே சிரமம். காலுக்கும் இந்த லேசர் பயன்படுமா?

பிசியோதெரபிஸ்ட்:

ஐயா, ஆய்வுகளில் பெரும்பாலானவை மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய கை வீக்கத்தைப் பற்றியவை. காலுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. முதலில் பல அடுக்குப் பேண்டேஜால் காலின் அளவைக் குறைத்து, குறைந்த அளவுக்குப் பொருந்தும் காலுறையை அளந்து வாங்குங்கள். வீங்கிய நிலையில் அளவெடுத்து வாங்கினால் அது விரைவில் தளர்ந்து வீணாகிவிடும். விரலிடுக்குகளை ஈரமின்றி வைத்திருக்கச் சொல்லுங்கள். நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவிலேயே விசாரியுங்கள். லேசருக்கான செலவை அதன்பின் யோசிக்கலாம்.