விமானத்தளங்களுக்குப் பெயர் அமைவது எப்படி?

கேள்வி (நோர்வூட்)

எங்கள் பாடசாலையில் தரம் 9 மாணவர்களுக்கு இடப்பெயர்களைப் பற்றிய செயற்றிட்டமொன்றைக் கொடுத்திருக்கிறேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சிறுவிமானம் இறங்குவதைப் பார்த்த ஒரு மாணவி, "கட்டுநாயக்கவில் உள்ள விமான நிலையத்துக்கு ஒரு மனிதரின் பெயர் இருக்கும்போது, இங்கே விமானம் இறங்குமிடத்துக்கு ஏன் குளத்தின் பெயரே வழங்குகிறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சரியான விடை கொடுக்க விரும்புகிறேன். அறிந்தவர்கள் உதவுங்கள்.

பதில் (கண்டி)

டீச்சர், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து தொடங்குவது நல்லது. பிரித்தானிய அரச விமானப்படை தன் தளங்களுக்குப் பெரும்பாலும் அருகிலுள்ள ஊரின் பெயரையே வைத்தது. ஆனால் வானொலியில் சொல்லும்போது வேறொரு தளத்தின் பெயரோடு குழம்பிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தது. ஓடுபாதை எந்தக் கிராமத்து மண்ணில் கிடக்கிறது என்பது எப்போதும் முதன்மையாகக் கருதப்படவில்லை. அப்படித்தான் கட்டுநாயக்கவில் அமைந்த தளம் நீர்கொழும்பு என்றும், ஹிங்குராக்கொடவில் அமைந்த தளம் மின்னேரியா என்றும் அழைக்கப்பட்டன. திருகோணமலையில் இருந்த தளத்துக்குக் கடலின் வளைவே பெயராகி, இன்றும் அது சீனக்குடா என்றே வழங்குகிறது.

பதில் (பதுளை)

மனிதரின் பெயர் அரசாங்கத்தின் தீர்மானத்தால் வருவது. ஆகவே அரசாங்கத்தோடு அது மாறவும் கூடும். கட்டுநாயக்க நிலையம் 1970இல் பண்டாரநாயக்க பெயரைப் பெற்றது, 1977இல் கட்டுநாயக்க என்றானது, 1995இல் மீண்டும் பழைய பெயருக்குத் திரும்பியது. பயணப்பொதியில் ஒட்டப்படும் சி.எம்.பி. என்ற குறியீடோ கொழும்பையே குறிக்கிறது. 2013இல் திறக்கப்பட்ட மத்தல நிலையத்துக்கு அப்போதைய ஜனாதிபதியின் குடும்பப்பெயர் சேர்க்கப்பட்டது. பலாலி 2019இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமானபோது, மனிதர் பெயர் எதுவுமின்றி ஊரின் பெயரே நின்றதை நான் மதிக்கிறேன்.

பதில் (மஸ்கெலியா)

மாணவியின் கேள்வி நம் மலையகத்துக்கே உரியது, டீச்சர். நீரில் இறங்குமிடத்துக்கு ஓடுபாதையும் இல்லை, கட்டடமும் பெரிதாக இல்லை. எனவே நீர்த்தேக்கத்தின் பெயரே அதற்குப் போதுமானதாகிறது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அந்த நீர்த்தேக்கமோ தேயிலைத் தோட்டத்தின் பெயரைத் தாங்குகிறது. காசல்ரீ என்பது வட அயர்லாந்திலுள்ள ஓர் இடத்தின் பெயர். ஸ்ட்ரத்ஸ்பே, டன்சினேன் என்ற தோட்டப் பெயர்களும் இப்படித்தான் ஸ்கொட்லாந்திலிருந்து நம் மலைகளுக்கு வந்தன.

ஆனால் தோட்டத்து மக்கள் தமக்குள் வழங்கிய பெயர்கள் வேறு. ஒரு கங்காணியின் பெயரோ, மரமோ, பாறையோ, கோயிலோ அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அவை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியபோது, மேட்டில் எழுந்த நகரம் அதே பெயரைத் தன்னோடு கொண்டுவந்தது. உங்கள் மாணவர்களைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்கு அனுப்பி, தாத்தா பாட்டிமாரிடம் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். காசல்ரீக் கரையிலிருந்தே தொடங்கலாம்.