அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை: சிஸ்டம் டெஸ்ட்டுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி:
பி.காம் முடிச்சாச்சு, டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) சர்டிஃபிகேட் இருக்கு. திருப்பூர், கோவை பக்கம் வேலை தேடுறேன். இன்டர்வியூவில் சிஸ்டம் முன்னால் உட்கார வெச்சு பில் போடச் சொல்றாங்களாம். ஒரு மாசம் டைம் இருக்கு. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
பில்லைப் படிப்பதிலிருந்து ஆரம்பிங்க. தடுமாற்றம் டேலியில் வருவதைவிட அங்கேதான் அதிகம். ஜிஎஸ்டி எண்ணில் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான். 33 தமிழ்நாடு, 32 கேரளா. 20,000 ரூபாய் சரக்குக்கு 18% என்றால் வரி 3,600. திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்குப் போனால் சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு) 1,800, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) 1,800. பாலக்காட்டுக்குப் போனால் மொத்தமும் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி). பார்ட்டி லெட்ஜரில் (வாங்குபவர், விற்பவரின் கணக்கில்) மாநிலத்தை மாற்றிக் கொடுத்தால் இந்த இடம்தான் சொதப்பும். வரி விழவில்லை என்றால் தொகையைக் கையால் அடிக்காதீங்க, லெட்ஜரைத் திறந்து பாருங்க.

30 என்ட்ரி கொண்ட ஒரு மாதிரி மாதம் தயார் பண்ணுங்க: 12 பர்ச்சேஸ், 12 சேல்ஸ் (அதில் நான்கு கேரளா), இரண்டு சரக்கு ரிட்டர்ன், மீதி வரவு செலவு. எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், இவை கைக்குப் பழகணும். கேஷை பேங்கில் கட்டுவது கான்ட்ரா. அதை பேமென்ட்டில் போட்டால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது அடிப்படை. ஆளைத் தனியாகக் காட்டுவது ஜிஎஸ்டிஆர்-2பி-யை (சப்ளையர்கள் நமக்குப் போட்டதாகக் காட்டிய பில்களின் பட்டியல்) நம்ம கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. சப்ளையர் மாதா மாதம் தாக்கல் செய்பவர் என்றால் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போடணும். 14-ம் தேதி 2பி வரும். நம்ம ஜிஎஸ்டிஆர்-3பி-க்குக் (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன்) கடைசி நாள் 20. இடையில் இருக்கும் அந்த ஐந்தாறு நாளில்தான் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பி-யையும் ஒப்பிட்டு முடிக்கணும். 2பி-யில் வராத பில்லுக்கு அந்த மாதம் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது.

எக்செலில் ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் சேர்த்து ஒரு நெடுவரிசை (column) உண்டாக்கி, அதை வைத்து வி-லுக்கப் (VLOOKUP, தேடிப் பொருத்தும் ஃபார்முலா) போடுங்க; அப்படியே பொருந்தினால் மட்டும் காட்ட, கடைசியில் 0 கொடுக்க மறக்காதீங்க. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் நம்பருக்கு #N/A (கிடைக்கவில்லை) வந்தால், பில் நம்பருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். ட்ரிம் (TRIM) ஃபார்முலா போட்டால் சரியாகும். நம்ம ரிஜிஸ்டரில் '15' என்றும் 2பி-யில் '015' என்றும் இருந்தாலும் சேராது. அப்புறமும் வராதவை: சப்ளையர் இன்னும் போடவில்லை, அல்லது நம்ம ஜிஎஸ்டி எண் இல்லாமல் சில்லறை விற்பனையாகக் காட்டிவிட்டார், அல்லது காலாண்டு தாக்கல் செய்பவர். காரணத்தைப் பிரித்து எழுதிக் காட்டுகிற ஆளை விடமாட்டாங்க.

பதில் 3:
ரெஸ்யூம் ஒரு பக்கம் போதும். 'டேலி, ஜிஎஸ்டி தெரியும்' என்று எழுதுவதில் பயனில்லை. 'பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை 2பி-யுடன் ஒப்பிடுவேன், பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் ஸ்டேட்மென்ட்டை நம்ம கணக்கோடு ஒப்பிடுவது) செய்வேன்' என்று வேலையைச் சொல்லுங்க. பயிற்சிக்குச் செய்ததைப் பயிற்சி என்றே போடுங்க. ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தேன் என்று எழுதினால் அடுத்த கேள்வியே அதில்தான் வரும். தேதிகளும் கேட்பாங்க: டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) கட்ட அடுத்த மாதம் 7 (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30), பிஎஃப், இஎஸ்ஐ 15. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்குப் போங்க, கட்டணம் கிடையாது. வேலைக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் நிற்காதீங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. டேலி பிரைம் இறக்கியாச்சு, ஆனா 5-ம் தேதி பில் போட விடமாட்டேங்குது?

பதில் 1:
லைசென்ஸ் இல்லாத எஜுகேஷனல் மோடுங்க. 1, 2, 31 தேதிகளை மட்டும்தான் ஏற்கும். 31 நாள் உள்ள மாதமாக எடுத்து, பர்ச்சேஸை 1-லும் சேல்ஸை 2-லும் வரவு செலவை 31-லும் போட்டுப் பழகுங்க.