சஃப்ரகன் பிஷப்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துத் திருச்சபையின் பிஷப் சாரா முல்லாலியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிவருகிறேன். 1999இல் இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அலுவலர். 2001இல் டீக்கன் (குருவானவருக்கு முந்தைய நிலை), 2002இல் குருவானவர். 2004இல் அரசுப் பணியை விட்டு முழுநேர ஊழியம். 2012இல் சாலிஸ்பரி பேராலயத்தில் கேனன் (பேராலயப் பணிக்குழுக் குருவானவர்). 2015இல் கிரெடிட்டன் 'சஃப்ரகன் பிஷப்'. 2018இல் லண்டன் பிஷப். 2025 அக்டோபரில் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் பதவிக்குப் பெயர் அறிவிப்பு. ஒரு திருமண்டலத்தின் (பிஷப்பின் ஆட்சிப் பகுதி) பிஷப்புக்குக் கீழே பணிசெய்யும் பிஷப்பே சஃப்ரகன். அதற்குத்தான் சொல் அமையவில்லை. 'துணை ஆயர்' எனலாமா?

---

> 'துணை ஆயர்' எனலாமா?

வேண்டாம். கத்தோலிக்கர் வழக்கில் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபையிலோ (சி.எஸ்.ஐ.) பேராயர்தான் பிஷப். ஆயர் என்பவர் சேகரம் எனும் சபைத் தொகுதியை நடத்தும் குருவானவர். 'துணை ஆயர்' என்று படிக்கும் சி.எஸ்.ஐ. வாசகர், யாரோ ஒரு சபையின் உதவிப் போதகர் என்றே எடுத்துக்கொள்வார். கத்தோலிக்கத் துணை ஆயருக்கு வழக்கொழிந்த ஒரு பழைய மறைமாவட்டத்தின் பெயரைப் பட்டமாகக் கொடுப்பார்கள். சஃப்ரகனின் பட்டமோ அவர் பணிசெய்யும் திருமண்டலத்துக்குள்ளேயே இருக்கும் ஊரின் பெயர்.

இந்த ஊர்ப்பட்டம் இங்கிலாந்தின் 1534ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. அதில் 26 ஊர்கள் பட்டியலிடப்பட்டன. பிஷப் இரண்டு பெயர்களை அனுப்ப, அரசர் ஒருவரைத் தேர்வார். 1592க்குப் பின் யாரும் நியமிக்கப்படவில்லை. 1870இல் டோவர், நாட்டிங்காம் இரண்டுக்கும் ஆள் வந்தபோதுதான் பதவி மீண்டும் உயிர்பெற்றது.

'உதவிப் பேராயர்' என்பதையும் இதற்குச் செலவழிக்கக் கூடாது. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் திருநெல்வேலி மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜென்டும் அபிஷேகம் பெற்றது சென்னை பிஷப்புக்கு உதவியாளர்களாக. அவர்களுக்கென ஊர்ப்பெயர் கொண்ட ஆசனம் (பிஷப்பின் பதவியிடம்) கிடையாது. திருநெல்வேலி தனித் திருமண்டலமானதே 1896இல், கால்டுவெல் மறைந்து ஐந்தாண்டு கழித்து. 'உதவி' அவர்களுக்கு உரியது.

என் பரிந்துரை: சார்பேராயர். சார் ஆட்சியர், சார்பதிவாளர் நினைவுக்கு வரட்டும். மேலதிகாரிக்குக் கீழேதான், ஆனால் தனக்கென்று ஓர் ஊரின் பெயர் உண்டு.

---

சொல் பொருத்தமாக இருக்கிறது. இரண்டு திருத்தம் மட்டும். சேர்த்து எழுதினால் 'சார்பு' என்று கண் பிரித்துவிடும். 'சார் பேராயர்' என இடம் விட்டு எழுதுவோம். அடுத்தது, சஃப்ரகனுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒரு ஆர்ச்பிஷப்பின் மாகாணத்திலுள்ள (பல திருமண்டலங்கள் சேர்ந்த பகுதி) பிஷப்புகள் எல்லோருமே அவருக்குச் சஃப்ரகன்கள். அந்த இடத்தில் இச்சொல் பொருந்தாது. 'மாகாணப் பேராயர்கள்' என்று விரித்தே எழுத வேண்டும். வேர்ச்சொல்லான லத்தீன் 'சஃப்ராகியம்' வாக்கையும் ஆதரவையும் குறிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு 'வாக்குரிமைப் பேராயர்' என்று போய்விட வேண்டாம்.

மேலும் ஒரு பிழைக்கு வாய்ப்பிருக்கிறது. கிரெடிட்டன் 909 முதல் 1050 வரை தனி பிஷப்பின் ஊர். அதன்பின் ஆசனம் எக்சிட்டருக்குப் போயிற்று. இன்று 'கிரெடிட்டன் திருமண்டலம்' என ஒன்று இல்லை. கிரெடிட்டன், பிளிமத் இரண்டுமே எக்சிட்டருக்குள் அடங்கிய சார் பேராயர் பட்டங்கள்.

ஆர்ச்பிஷப்புக்கு 'தலைமைப் பேராயர்' போதும். 'பிரதமப் பேராயர்' சி.எஸ்.ஐ.யின் தலைவரான மாடரேட்டருக்கு வழங்குகிறது. அவர் பேராயர்களிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர். கேன்டர்பரியின் பதவி அப்படியன்று.

---

இருவருக்கும் நன்றி. வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"2015 ஜூலை 22 அன்று கேன்டர்பரி பேராலயத்தில் அபிஷேகம் பெற்று, எக்சிட்டர் திருமண்டலத்தில் கிரெடிட்டனின் சார் பேராயரானார்."

சாலிஸ்பரியில் அவர் வகித்தது 'கேனன் டிரெஷரர்' பதவி. 'பொருளாளர்' என்றால் வரவுசெலவுக் கணக்கு பார்ப்பவர் என்றாகிவிடும். இடைக்காலத்தில் அந்தப் பதவிக்குப் பொறுப்பாயிருந்தவை பேராலயத்தின் பாத்திரங்களும் உடுப்புகளும் விளக்குகளும். 'திருக்கலக் காப்பாளர்' சரிவருமா?